ஜெகதாம்பாள் கேட்ட கேள்வி

ஸ்ரீரங்கம்,
5-11-2025, புதன்

அன்புள்ள அனுசுயா,

ஜெகதாம்பாள் நான்தான்.

சொல்லிவிட்டேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னால் தைரியம் வராது. உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் ஆறு மாதமாகச் செம்பருத்திப் பூவை முகமாக வைத்துக்கொண்டு, காலையில் இனிய வணக்கம் சொல்லிவிட்டு மதியத்துக்குள் உங்களைப் பிறாண்டும் அந்த அம்மாளுக்கு மீசை உண்டு. வயது ஐம்பத்திரண்டு. ஒரே பத்திரிகையில், ஒரே திருச்சிப் பதிப்பில், பத்தொன்பது வருடமாக உங்கள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து உங்கள் பேனாவை எடுத்து எழுதிவிட்டுத் திருப்பித் தராத நிருபர் மாத்ருபூதம்தான் அது. பெயர் மட்டும் காலஞ்சென்ற என் மாமியாருடையது. உயிரோடு இருந்தவரை அவர் என்னைத் தவிர வேறு யாரையும் ஒரு சொல் கடிந்துகொண்டதில்லை. போன பிறகு அவர் வாயை நான் கெடுத்துவிட்டேன்.

ஏன் கடுதாசி என்று கேட்பீர்கள். அலுவலகத்தில் உங்களுக்கு ஐம்பதாயிரம் பேர் சேர்ந்ததற்குக் கேக் வெட்டிய அன்று, "கோயில் யானைக்கும்தான் கூட்டம் வருது, அதுக்கு யாரும் கேக் வெட்டறதில்லையே" என்று நான் சொன்னதும், வாட்ஸ்அப், ஃபேஸ்புக், சாதா போன் மூன்றிலும் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை பிளாக் செய்யும் வசதி இன்னும் வரவில்லை. இன்லேண்ட் லெட்டர் கேட்டபோது தபால் ஆபீஸ் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "கோர்ட் விஷயமா சார்?" என்றார். கிட்டத்தட்ட அதுதான்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். ராஜகோபுரத்துக்கு எதிரே நான் தினம் காபி குடிக்கும் கடையில், மே மாதம் ஒருநாள் கல்லாவில் இருப்பவர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், நீங்க அனுசுயா மேடம் ஆபீஸ்லயா வேலை பாக்குறீங்க?" இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் எழுதுகிறேன் அனுசுயா. அனுசுயா மேடம் ஆபீஸ்!

அன்றைக்கே நானும் களத்தில் இறங்கினேன். என் ஞாயிற்றுக்கிழமைப் பத்தியைப் போட்டோ எடுத்துப் போட்டேன். பாதிப் பத்தியும் என் கட்டைவிரலும் விழுந்தன. ஏழு லைக் வந்தது. ஒன்று நானே போட்டது. இன்னொன்று என் மனைவி அழகம்மாள் போட்டது. மாலையில் அவளும் திரும்ப எடுத்துவிட்டாள். கேட்டால் "கை தவறிப் பட்டுடுச்சுங்க" என்கிறாள். அதே நாள் நீங்கள், "உங்க தெருவில் இன்று தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது?" என்று ஒரே ஒரு வரி போட்டீர்கள். நானூறு பேர் தெருப் பெயரோடு பதில் எழுதியிருந்தார்கள். மறுநாள் அதுவே முதல் பக்கச் செய்தி. அன்று சாயந்திரம் பிறந்தவள்தான் ஜெகதாம்பாள்.

அவள் அதுவரை எழுதியதெல்லாம் சில்லறை. 'மேடம் புடவை புதுசா?', 'இதெல்லாம் ஒரு செய்தியா?' இப்படி. ஆனால் போன வியாழக்கிழமை துறையூர் மண்டியில் பாப்பாயி என்கிற விவசாயியின் சின்ன வெங்காய மூட்டைகள் கூரை இல்லாமல் மழையில் நனைந்ததை நீங்கள் வீடியோ போட்டீர்கள். ஒரே நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். என் வயிறு எரிந்தது. ஜெகதாம்பாள் எழுதினாள்: 'இது போன வருஷ வீடியோ மாதிரி இருக்கே?'

கேள்விதான் கேட்டாள். அதை மண்டிக்காரர் பிடித்துக்கொண்டு, 'பழைய வீடியோ, பொய்ச் செய்தி' என்று ஆசிரியர் செந்தமிழன் சாருக்குப் புகார் அனுப்புவார் என்றோ, அவர் உங்களுக்கு மெமோ கொடுத்துப் பக்கத்தையே நிறுத்தி வீட்டில் உட்கார வைப்பார் என்றோ சத்தியமாக நான் நினைக்கவில்லை. மன்னித்துவிடுங்கள். படித்ததும் இதைக் கிழித்துவிடவும்.

இப்படிக்கு,
மாத்ருபூதம்

✽

பொன்மலை,
8-11-2025, சனி

மாத்ருபூதம் சாருக்கு,

கிழிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். உங்களை பிளாக்கிலிருந்து எடுக்கவும் போவதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு பேருக்குக் காட்டிச் சிரிப்பீர்கள். காகிதத்தில் எழுதினால் உங்களுக்குச் சோம்பல் வந்துவிடும்.

ஜெகதாம்பாள் நீங்கள்தான் என்று எனக்கு ஜூலையிலேயே சந்தேகம். ஒருநாள் அந்த அம்மாள் 'என்பதை மறுப்பதற்கில்லை' என்று கமெண்ட் முடித்திருந்தார். செம்பருத்திப் பூ வைத்த எந்த அம்மாளும் ஃபேஸ்புக்கில் அப்படி முடிக்க மாட்டார். இருந்தாலும், இவ்வளவு பெரிய மனுஷர் இவ்வளவு சின்ன வேலை செய்ய மாட்டார் என்று விட்டுவிட்டேன். தப்பு என்மேல்தான்.

கேள்விதான் கேட்டேன் என்கிறீர்கள். பொய்க்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் அது விசாரணையாகிவிடுமா சார்? நீங்கள் துறையூருக்குப் போனீர்களா? பாப்பாயி அம்மாளுக்குப் போன் போட்டீர்களா? ஸ்ரீரங்கத்தில் காபியை ஆற்றிக்கொண்டே வருஷத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

உங்களுக்கு வயிறு எரிந்தது மே மாதம். எனக்கு எப்போது எரிந்தது தெரியுமா? 2011. கொள்ளிடத்தில் மணல் லாரிகளுக்குப் பின்னால் மூன்று நாள் நடந்து எழுதினேன். 'நமது நிருபர்' என்று வந்தது. என் செய்தி எல்லாமே 'நமது நிருபர்'தான். உங்களுடையதற்கு மட்டும் பெயர். அதனால் ஊரே அதையும் நீங்கள் எழுதியதாக நினைத்தது. ஒரு சங்கத்தில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நீங்களும் போர்த்திக்கொண்டீர்கள். மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, "நல்ல ஜரிகை அனுசுயா, தொட்டுப் பாருங்க" என்றீர்கள். நான் தொட்டும் பார்த்தேன்.

ஃபேஸ்புக்குக்கு நான் புகழுக்காகப் போகவில்லை. அங்கேதான் நான் எழுதியதற்கு மேலே என் பெயர் இருக்கும்.

இப்போது விஷயம். வருகிற 17-ம் தேதி திங்கள் காலை பதினோரு மணிக்குக் கூட்டம். ஒரிஜினல் வீடியோவை போனில் காட்டினேன். போனில் தேதியை மாற்றலாம் என்று மண்டிக்காரரின் வக்கீல் சொல்கிறாராம்; வெளியாள் சாட்சி வேண்டும் என்கிறார் ஆசிரியர். அதற்குள் வீடியோ உண்மை என்று நிரூபணம் ஆகவில்லை என்றால், என் பக்கத்தை மூடிவிட்டு, என்னை இரங்கல் விளம்பரம் சரிபார்க்கும் மேஜைக்கு அனுப்புவார்கள். புதிதாக வரப்போகிற டிஜிட்டல் பொறுப்பாளர் நாற்காலிக்கு இரண்டே மனு. ஒன்று என்னுடையது. இன்னொன்றைப் போட்டவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

பழைய வீடியோ என்று சொன்ன ஜெகதாம்பாள் என்று ஒருத்தி இல்லவே இல்லை, அதை எழுதியது நான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று உங்கள் சொந்தப் பெயரில் எல்லாரும் பார்க்க எழுதுங்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

அனுசுயா

✽

ஸ்ரீரங்கம்,
11-11-2025, செவ்வாய்

அன்புள்ள அனுசுயா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அழகம்மாள் உறையைப் பார்த்துவிட்டு, "பொன்மலையில யாருங்க உங்களுக்கு?" என்றாள். மெமோ விஷயம் என்றேன். உங்கள் எழுத்து மணிமணியாக இருப்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பொன்னாடையைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை. இரண்டு வரி எழுதி, அடித்துவிட்டேன்.

சொந்தப் பெயரில் எழுதச் சொல்கிறீர்கள். நியாயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். எனக்குப் பென்ஷன் கிடையாது, சொத்து கிடையாது, பெயர் ஒன்றுதான். ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை மாமியார் பெயரில் பூப்படம் வைத்துப் பக்கத்து மேஜைப் பெண்மணியை வம்பிழுத்தான் என்று தெரிந்தால், இந்த ஊரில் நான் எந்தக் கடையில் காபி குடிப்பேன்? அதனால் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். நேற்று மாலை ஜெகதாம்பாளே தன் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். 'அனுசுயா மேடத்தின் வீடியோ உண்மையானதே. நான் அவசரப்பட்டுவிட்டேன். பெருமாள் மன்னிப்பாராக.' பெருமாளைச் சேர்த்தது நம்பகத்தன்மைக்காக.

அதோடு விடவில்லை. இன்று காலை பஸ் ஏறித் துறையூருக்கும் போய்விட்டு வந்தேன். நீங்கள் கேட்டது உறுத்தியது. பாப்பாயி அம்மாள் வெங்காயத்தைக் களத்தில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகை என்றதும், "அனுசுயாப் பொண்ணு வரலையா?" என்றார்.

"அவங்க வேலையா இருக்காங்க. அவங்க எப்படிம்மா வீடியோ எடுப்பாங்க?"

"எடுத்ததை எனக்குப் போட்டுக் காட்டும். 'போடட்டுமாம்மா, வேணாமா'ன்னு கேக்கும். சேலை கிழிசல் தெரியுதேன்னு சொன்னேன். அந்த இடத்த வெட்டிட்டுதான் போட்டுச்சு. ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி, 'மண்டியில ஏதாச்சும் சொன்னாங்களா?'ன்னு வேற கேட்டுச்சு. உங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தானா?"

"எல்லாரும் அப்படித்தான்" என்றேன். வேறென்ன சொல்ல. பிறகு என் பெயரைச் சொல்லி, கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"மலைக்கோட்டை சாமி பேருல்ல அது? நல்ல பேரு. கோயில்லயா வேலை?"

கிளம்பும்போது கூப்பிட்டார். "சார், யாரோ ஜெகதாம்பாளாமே. அவளைப் பாத்தா சொல்லுங்க. நனைஞ்ச வெங்காயம் ஒரு கூடை குடுத்து விடறேன். மோந்து பாத்து எந்த வருஷத்துதுன்னு சொல்லட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று தோன்றியது. நான் ஒரு செய்தி எழுதினால் அது அச்சானதோடு அந்த மனுஷனை மறந்துவிடுவேன். நீங்கள் போட்ட பிறகும் போன் செய்கிறீர்கள். இதை எழுதும்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஒளிக்கவில்லை. மூன்று லட்சம் பேர் பார்த்ததைக்கூட ஜீரணித்துவிடுவேன். "அனுசுயாப் பொண்ணு வரலையா" என்று ஒரு கிழவி கேட்டதைத்தான் முழுங்க முடியவில்லை.

மன்னிப்பு போதும்தானே?

மாத்ருபூதம்

✽

பொன்மலை,
13-11-2025, வியாழன்

சார்,

போதவில்லை. கெடுத்துவிட்டீர்கள்.

ஜெகதாம்பாளின் மன்னிப்புக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? 'பாவம் அந்த அம்மா, மேடம் மிரட்டியிருப்பாங்க.' 'பத்திரிகைக்காரங்க வீட்டுக்கே போயிட்டாங்களாம்.' 'பணம் குடுத்து வாயை அடைச்சாச்சு.' மண்டிக்காரர் இதையும் ஆசிரியருக்கு அனுப்பிவிட்டார். பொய்யைப் பொய்ப் பெயரிலேயே திருத்தினால் இரண்டாவது பொய்தான் வரும் சார். நான் ஒருமுறை பஸ் நிறுத்தத்தின் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டேன். அழிக்கவில்லை. அதற்கு மேலேயே 'தவறு, திருத்தம் இது' என்று என் பெயரில் போட்டேன். அன்றைக்குக் கிடைத்த திட்டு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அதற்கப்புறம்தான் என்னை நம்ப ஆரம்பித்தார்கள்.

என் பக்கம் இல்லை என்பதற்காக நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கமெண்டில் உருப்படியாக ஒரு தகவல் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அன்றைக்கே அவருக்குப் போன் செய்து, பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். நீங்கள் அதைப் பார்த்து, "என்ன, மொய் நோட்டா?" என்று சிரித்தீர்கள். அதில் துறையூர் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அன்று மண்டிப் பக்கம் யாராவது ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்றும் சரியாக அமையவில்லை. மழை எல்லா வருடமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

நீங்கள் உங்கள் பொறாமையை எழுதினீர்கள். என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் பீமராவ், ரயில்வே பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். என்னைப் பின்தொடரும் ஐம்பதாயிரம் பேரில் அவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்தியை மட்டும் கத்தரித்து, கோந்து போட்டு, நோட்டில் ஒட்டுகிறார். பதினோரு நோட்டு ஆகிவிட்டது. என்னிடமே, "இந்த மாத்ருபூதம் நேர்ல எப்படிம்மா? இதே மாதிரி தமாஷாத்தான் பேசுவாரா?" என்று கேட்கிறார். ஆமாம் அப்பா, யானைக்கும் கூட்டம் வருது என்பார் என்று சொல்லவில்லை. அவருக்கு காபி கலந்து கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். திங்கட்கிழமைக்கு முன்னால் அதை எழுதுங்கள். எழுதாவிட்டால் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல நாற்காலிதான்.

அனுசுயா

✽

ஸ்ரீரங்கம்,
17-11-2025, திங்கள்

அன்புள்ள அனுசுயா,

கடிதம் எழுதாதே என்றீர்கள். ஆனால் போனில் இன்னும் பிளாக், ஆபீஸில் உங்களைச் சுற்றி இன்று கூட்டம். நடந்ததை என் கையால் ஒரு முறையாவது பதிவு செய்துவிட வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் செய்தேன். அதற்கு முன் அம்மா மண்டபம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். முழுக்குப் போட வந்தவர்களை எல்லாம் பொறாமையோடு பார்த்தேன். அவர்களுக்கு மூன்று முங்கில் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அழகம்மாளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "எங்கம்மா பேர்லயா?" என்றாள். "நீங்க அசிங்கப்படறது உங்க பாடு. எங்கம்மா பேர்ல எத்தனை எழுத்துப்பிழை விட்டீங்க?"

எழுதினேன். என் சொந்தப் பெயர், சொந்தப் படம். ஜெகதாம்பாள் நான்தான், துறையூர் வீடியோவைப் பழையது என்றது பொறாமையில், நான் அந்த மண்டிப் பக்கமே போயிருக்கவில்லை. அதன்பின் யாரும் கேட்காத ஒன்றையும் எழுதினேன். 2011 மணல் லாரிச் செய்தியை எழுதியவர் அனுசுயா. பொன்னாடை மட்டும் எனக்கு வந்தது. பதினான்கு வருடமாக அது என் பீரோவில் இருக்கிறது. தினமும் சட்டை எடுக்கும்போது கையில் படுகிறது. இதை எழுதியபோது, சிரிப்பு எழுதிப் பிழைப்பவன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

ப்ரூஃப் பார்ப்பது போல நாலு முறை படித்தேன். பிறகு அந்த போன் என்னென்னவோ கேட்டது, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விழப்போகும் அடிக்காகக் காத்திருந்தேன்.

என்ன ஆச்சரியம் அனுசுயா! ஒரு வசவு இல்லை. ஒரு கேலி இல்லை. ஒரு லைக் கூட இல்லை. ஊரே வாயடைத்துப் போய்விட்டது. மனசாட்சி பேசினால் இந்தத் திருச்சி எவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்கிறது! இன்று காலை காபிக் கடைக்காரர் எப்போதும்போல, "சர்க்கரை கம்மிதானே சார்?" என்றார். தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பெரிய மனுஷன்.

பதினோரு மணிக் கூட்டத்துக்குள் என்னைக் கூப்பிடவில்லை, நடந்தது உங்களுக்கே தெரியுமே. மெமோ ரத்து, உங்கள் பக்கம் மறுபடி திறப்பு, நாற்காலியும் உங்களுக்கு. செந்தமிழன் சார் வெளியே வந்து எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "மாத்ருபூதம் சார், உங்களாலதான் இது தீர்ந்துச்சு" என்றாரே, அப்போது என் முகத்தைப் பார்த்தீர்களா? நான் தலையைக் குனிந்துகொண்டேன். நல்ல காரியம் செய்தவன் அப்படித்தான் நிற்க வேண்டும்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். "நீங்க போட்டதைக் காட்டுங்க சார், உங்களை நான் பிளாக்ல வச்சிருக்கேன்ல" என்றீர்கள். கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்தீர்கள். கீழே போய், மறுபடி மேலே வந்து, எதையோ உற்றுப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை பேசாமல் போனை என் கையில் வைத்துவிட்டுப் போனீர்கள். அந்த மௌனம் எனக்குப் போதும்.

நாற்காலிக்குச் சக்கரம் வேறு இருக்கிறது. அதைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் எரிந்தது. உங்களைக் காப்பாற்றியவன் என்ற உரிமையில் இதையும் சொல்லிவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
மாத்ருபூதம்

✽

பொன்மலை,
20-11-2025, வியாழன்

அன்புள்ள மாத்ருபூதம் சாருக்கு,

என்னைக் காப்பாற்றியது நீங்கள்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை.

சனிக்கிழமை மாலை என் நோட்டில் முப்பத்தோராவது ஆள் கிடைத்தார். கலீம் பாய், மண்டிக்கு எதிரே டீக்கடை. மழை பெய்தபோது கடைக்குள்ளிருந்து சும்மா ஒரு வீடியோ எடுத்திருக்கிறார். தூரத்தில் பாப்பாயி அம்மாள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருக்கிறார். கிட்டத்தில், கடை வாசலில், நம் பத்திரிகையின் அன்றைய போஸ்டர் தொங்குகிறது. அதில் பெரிய எழுத்தில் உங்கள் செய்தி: 'முக்கொம்பில் முதலையா?' மறுநாளே அது மரக்கட்டை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆகவே அந்தப் போஸ்டர் அந்த ஒரே ஒரு நாள்தான் தொங்கியிருக்க முடியும், 30-10-2025. மண்டிக்காரரின் வக்கீலுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆசிரியர் உங்கள் கையைக் குலுக்கியது அந்த முதலைக்காக.

ஒரு செய்தியின் தேதியை உறுதி செய்ய என் ஐம்பதாயிரம் பேரும் போதவில்லை, உங்கள் போஸ்டர்தான் வேண்டியிருந்தது. இது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

உங்களை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். வருகிற வாரம் முதல் ஞாயிற்றுப் பத்தியைக் கட்டைவிரல் இல்லாமல் படமெடுக்கக் கற்றுத்தருகிறேன். பொன்னாடையை அனுப்ப வேண்டாம். அதில் ஜரிகை நன்றாக இருந்தது என்பது மட்டும் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் பற்றி. இத்தனை வருடத்தில் நீங்கள் எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. சட்டை எடுக்கும்போது கையில் படுகிறது என்ற இடத்தில் நான் நிறுத்தி, மறுபடி படித்தேன். என் மாமனார் படித்திருந்தால் நிச்சயம் கத்தரித்து ஒட்டியிருப்பார்.

அவர் படிக்க வழியில்லை. பதிவின் மேலே, உங்கள் பெயருக்குக் கீழே, தேதியை ஒட்டி ஒரு சின்னப் பூட்டுப் படம் இருக்கிறது. 'நான் மட்டும்' என்று அர்த்தம். உங்களைத் தவிர யாருக்கும் அந்தப் பதிவு தெரியாது.

அனுசுயா